குரவை போடாத தங்கச்சி

பழுகாமத்துக்குப் போகும் தோணியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"குரவை போட்டா தொண்டை பழுதாகிருமாம், மச்சாள்" என்றாள், வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள்.

"ஆருகா சொன்ன?"

"என்ட சின்ன மகள்தான். இந்தியாவில சர்வகலாசாலையில சங்கீதம் படிக்கிறாள்தானே, அங்க வாத்தியார் சொன்னதாம். லீவில தமக்கைட கலியாணத்துக்கு வந்தவள். மாப்பிள்ளை வாசலுக்கு வரக்குள்ள எல்லாப் பொண்டுகளும் நாக்கச் சுழட்டிக் குரவை போட, இவள் மட்டும் வாய மூடிக்கிட்டு நிண்டாள்."

"மாப்பிள்ளை ஊட்டார் என்ன நினைச்சிருப்பாங்க?"

"தங்கச்சிக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கல்ல எண்டு கதைச்சாங்க. நான் தொண்டைக் கதையச் சொன்னன். ஆரும் நம்பல்ல."

"மறுகா?"

"சாப்பாட்டுக்குப் பிறகு அவளப் பாடச் சொன்னன், என்ன படிக்கிறாள் எண்டு அவங்களும் அறியட்டுமே எண்டு. ஒரு மணித்தியாலம் பாடினாள். பந்தலுக்க ஒருத்தரும் அசையல்ல."

"அப்ப கோபம் தீந்திருக்கும்."

தோணி கரையில் முட்டியது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"எங்க தீந்த? மாப்பிள்ளைட தாய் எழும்பி வந்து கேக்கிறா, இவ்வளவு குரல வச்சுக்கிட்டோ என்ட மகனுக்கு ஒரு குரவை போடல்ல எண்டு."