பீரோவுக்குள் மோடம்

“மோடத்த பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினா நெட்டு எப்படி அண்ணாச்சி வேகமா வரும்?”

குற்றாலம் மெயினருவி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர், தலையில் எண்ணெய் வழிய நின்றிருந்தார்கள். கேட்டவர் வீடுகளுக்கு நெட் இணைப்பு கொடுப்பவர். மற்றவர் சவூதியிலிருந்து லீவில் வந்தவர்.

“தூசி படும்னு வீட்டுல எடுத்து உள்ள வச்சிருக்கா. எனக்கு நேத்துதான் தெரியும். கேம் டவுன்லோடு நகரவே மாட்டேங்குன்னு நான் வேற உன்னைய...”

“ஏமாத்துக்காரன்னு சொன்னீங்க. வாசல்ல வச்சு.”

லீவில் வந்தவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“தப்புதாம்ப்பா. மனசுல வச்சிக்கிடாத.” பின்னால் நின்ற எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது.

“அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க ஏசினது தெருவுக்கே கேட்டுச்சே.”