சராசரி மண்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் ஆய்வகத்தில் வெந்நீரைத்தான் டீ என்று கொடுப்பார்கள்.

மண்ணில் என்ன நச்சு இருக்கிறது, அதனால் குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த மழலையர் பள்ளிக்கும் நான்தான் போனேன். முன்பு அங்கே பழைய பேட்டரிகளை உருக்கும் கொட்டகை இருந்ததாம். சறுக்குமரத்துக்குப் பின்னால், குழாயடியில் மண் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்த்தேன். ஈயம் எக்கச்சக்கம்.

பிறகு அதையே மற்ற மூலைகளில் அள்ளிய நல்ல மண்ணோடு ஒரே வாளியில் போட்டுக் கலக்கினேன். இதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. பல இடத்து மண்ணைக் கலந்து சராசரி பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். சராசரி வரம்புக்குள் வந்தது.

ஆசிரியைக்குத்தான் மனசு ஆறவில்லை. "சார், பிள்ளைங்க எல்லாம் அந்தக் குழாயடியிலதான் கிடக்குதுங்க. விளையாட விடலாமா?"

"தாராளமா விடுங்கம்மா" என்றேன்.

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? பள்ளியை மூடிவிட்டால் வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்? அவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எனக்கு இளகிய மனசு.

அடுத்த வருடம் ஆசிரியை போன் செய்தார். பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுவலி. நேற்றுப் பாடிய பாட்டு இன்று மறந்துபோகிறது. துறுதுறுவென்று திரிந்த ஒரு சிறுமி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மறுபடியும் போனேன். இந்த முறை, ஈயம் தங்கும் மேல்மண்ணை விட்டுவிட்டு முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, அடியிலிருந்து சுத்தமான மண்ணாகப் பார்த்து எடுத்தேன். கிளம்பும்போது அந்தச் சிறுமி குழாயடியில் உட்கார்ந்து, மண் ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் போட்டோவில் காட்டும் குழந்தை அவள்தான். வலிப்பு வந்து இறந்துபோய்விட்டாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இரண்டு வாய் சோறு இறங்கவில்லை.

ஒத்துக்கொள்கிறேன் ஐயா, தெரிந்துதான் கலந்தேன், தெரிந்துதான் ஆழமாகத் தோண்டினேன். ஆனால் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மண்ணை வாயில் வைக்காத குழந்தைக்கு அங்கே பெரிதாக ஒன்றும் ஆகாது என்று மனதார நம்பினேன்.

அந்தப் பள்ளி எங்கள் வீட்டுக்கு எதிர்த் தெருவில்தான் இருக்கிறது. மகளை அங்கேயே சேர்த்துவிடலாம் என்று மனைவி நச்சரித்தாள். நான் பிடிவாதமாக மறுத்து, ஊர்க்கோடியில் வேறு பள்ளியில் சேர்த்தேன். அவள் சின்னக் குழந்தை ஐயா, கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பாள்.