அடிப்பலகை திறக்கும் பெட்டி

ரோசினா: மெதுவா எறக்குப்பா யோப்ஸ்டு... என் புருஷன், மூட்டையில்ல.

யோப்ஸ்டு: மெதுவாத்தான்க்கா எறக்குறேன். இடுப்பு ஒடியுது. விடிஞ்சதுலேருந்து குழி, சுண்ணாம்பு, குழி... வியன்னாவுல ஒருத்தனும் வீட்ல இருக்க மாட்டேங்கிறான்.

ரோசினா: இந்தப் பெட்டியிலயா வெக்கப்போற?

யோப்ஸ்டு: பேட்டைக்கே இந்த ஒண்ணுதான். குழிமேல வெச்சுப் பிடிய இழுத்தா அடிப்பலகை தொறக்கும். சாக்கோட உள்ள விழுந்துடுவாரு. பெட்டி அடுத்த ஆளுக்கு.

ரோசினா: ஆயுசு பூரா சவப்பெட்டி செஞ்ச மனுஷன்ப்பா. என் வென்டெலின் செஞ்ச பெட்டின்னா...

யோப்ஸ்டு: தெரியும்க்கா. மரம் வீணாகுதாம். பேரரசர் உத்தரவு.

ரோசினா: அந்த ஆளு தூங்கவே மாட்டாரா? விடிஞ்சா ஒரு உத்தரவு. மணி அடிக்க ஒண்ணு, மெழுகுவத்தி ஏத்த ஒண்ணு...

யோப்ஸ்டு: நல்லவர்தான்க்கா. பொஹீமியாவுல எங்கண்ணன் பண்ணையடிமையாக் கெடந்தான். இப்ப யார்கிட்டயும் கேக்காம கல்யாணம் கட்டியிருக்கான். அதுவும் அவர் உத்தரவுதான்.

ரோசினா: உசுரோட இருக்கறவனுக்குச் செய்யட்டும். செத்தவன விடச் சொல்லு. உம் பொண்டாட்டியயும் இப்படித்தான் தள்ளுனியா?

யோப்ஸ்டு: அந்தப் பேச்சு வேணாம். நகரு, தூக்கறேன்... என்னக்கா, இவ்ளோ லேசா?

ரோசினா: கஞ்சிகூட எறங்கலப்பா. கடைசியில வெறும் எலும்புதான்...

யோப்ஸ்டு: எலும்பு சரசரங்குமா?

ரோசினா: பிடிய இழுப்பா, சீக்கிரம்...

மேற்பார்வையாளர்: அங்க என்ன தாமதம்? சாக்கப் பிரி! வெறும் ஒடம்பத்தான் பொதைக்கணும்னு உத்தரவு, உள்ள துணிமணி இருந்தா அபராதம்.

யோப்ஸ்டு: பிரிக்கிறேன் ஐயா. பெரியம்மை கண்ட ஒடம்பு. கிட்ட வந்து பாத்துக்குங்க.

மேற்பார்வையாளர்: வேணாம், வேணாம்! போடு, சீக்கிரம் போடு!

ரோசினா: அவருக்கு ஏதுப்பா அம்மை?

யோப்ஸ்டு: சத்தமா அழு அக்கா, அந்தாளு இன்னும் திரும்பித் திரும்பிப் பாக்கறான்... உள்ள என்ன, மரச்சீவலா?

ரோசினா: சீவலும் வைக்கோலும். பட்டறையில கெடந்துச்சு... காட்டிக் குடுத்துடாதப்பா.

யோப்ஸ்டு: அவரு எங்க?

ரோசினா: வீட்டுத் தோட்டத்துல. ஆப்பிள் மரத்தடியில. அவரே இழைச்சு வெச்சிருந்த பெட்டியில.

யோப்ஸ்டு: யாரு தோண்டுனது?

ரோசினா: நாந்தான்.

யோப்ஸ்டு: எவ்ளோ ஆழம்?

ரோசினா: முழங்கால் அளவு... அதுக்கு மேல கை வரல.

யோப்ஸ்டு: பத்தாது. ஞாயித்துக்கெழம வந்து ஆழமாக்கித் தர்றேன். என் பொண்டாட்டிக்கு நானும் மொதல்ல முழங்கால் அளவுதான் தோண்டுனேன்... கோழிக்கூண்டுக்குப் பின்னால.