ஊர்வலத்தில் டிராக்டரைத் திருப்பியது

என் பெயர் நார்மன் விட்காம். வயது பதினெட்டு. சொந்த ஊர் அயோவா. தகப்பனாருக்கு மக்காச்சோளப் பண்ணையும் மாடுகளும் உண்டு. தற்சமயம் மினசோட்டாவில் கல்லூரி மாணவர்கள் கூடி வாழும் சகோதர சங்க வீட்டில் (12, எல்ம் தெரு) தங்கிப் படிக்கிறேன். சங்கத்தில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது.

புதிதாகச் சேர்பவன் வீட்டிலுள்ள முப்பத்தாறு பேரின் ஊர், தாயார் பெயர், தொலைபேசி எண், உடம்புக்கு ஆகாதது அனைத்தையும் மனப்பாடம் செய்து, கேட்ட இடத்தில் ஒப்பிக்க வேண்டும். நான்காம் ஆண்டு மாணவர் க்ரெய்க் லிண்ட்ஸ்ட்ரம் என்னைக் குளியலறை வாசலில்கூட விடமாட்டார். "டேய் மாட்டுக்காரா, எங்க அம்மா பேரு என்னடா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சங்கத்திலிருந்து விலகுவதாக நேற்றுக் காலை எழுதிய கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

அதன் பிறகு பதினொரு மணிக்குப் பழைய மாணவர் தின ஊர்வலத்தில் எங்கள் அலங்கார வண்டியை இழுக்கும் டிராக்டரை நான் ஓட்டினேன். வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. வண்டிமேல் நின்ற க்ரெய்க் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி விழுந்தார்.

"காலையிலயே ஏத்திட்டான்டா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் உதடு வீங்கியிருந்தது. வண்டியை அலங்கரித்த பூக்களில் தேனீக்கள் மொய்த்தன. தேனீ கொட்டினால் அவருக்கு மூச்சு அடைக்கும், ஊசி மருந்து அவர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும் என்பது நான் ஒப்பித்த பாடம்.

முன்னால் வாத்தியக் குழு, பின்னால் வண்டிகள். எங்கள் வீடு பக்கத்துத் தெருவில்தான். ஆகவே ஆள் நிற்காத இடமாகப் பார்த்துப் போலீஸ் தடுப்பை இடித்துக்கொண்டு திருப்பினேன். தடுப்பில் சாய்த்திருந்த போலீஸ் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவில்லை. சார்ஜென்ட் "நிறுத்துடா" என்று கத்தியது கேட்டது. நிறுத்தவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டு மாடிக்கு ஓடி, ஊசியை எடுத்துவந்து அவர் தொடையில் போட்டேன். கன்றுகளுக்குப் போட்டுப் பழக்கம் உண்டு. ஆம்புலன்சை அழைத்தவர் அந்த சார்ஜென்ட்தான்.

அதன் பிறகு மருத்துவமனையில் நர்ஸ் கேட்டபோது, அவர் தாயாரின் எண்ணை மனப்பாடமாகவே சொன்னேன். இரண்டு மணிக்கு க்ரெய்க் கண் திறந்தார்.

"மாட்டுக்காரா, எங்க அம்மா பேரு என்ன?"

"லொரெய்ன். டுலூத்ல இருந்து கிளம்பிட்டாங்க அண்ணே. நாலு மணிக்கெல்லாம் வந்துருவாங்க."

அவர் அழுதார். நானும் அழுதேன்.

மோட்டார் சைக்கிளை நசுக்கியது நான்தான். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. காவல் நிலையத்தில் என் சட்டைப் பையிலிருந்து தாங்கள் எடுத்துவைத்த கடிதம் என்னுடையதே. அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) நார்மன் விட்காம்