தோண்டாத தெரு

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது சார். ஊரிலுள்ள வண்டிகளுக்கெல்லாம் வழி சொல்லும் அறையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன், பஸ்ஸில்தான் போய்வருவேன். ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் சிக்னல்களுக்கு யாரும் நேரம் குறித்துத் தருவதில்லை. எந்தப் பக்கம் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்த்து, பக்கத்துச் சந்திப்போடு கலந்துகொண்டு, தாமாகவே பச்சை கொடுக்கும். எந்தத் தெரு காலியோ, அந்த வழியை எங்கள் கம்ப்யூட்டரே ஓட்டுபவரின் போனில் காட்டும். ஒருநாள் காலை அது எங்கள் தெருவைத் தானாகவே கண்டுபிடித்தது. மெயின் ரோட்டிலிருந்து பாலத்துக்கு நாலு நிமிஷம் மிச்சம். "உங்க தெரு பிரமாதம் பண்ணிடுச்சு போங்க!" என்றார் எங்கள் மேலதிகாரி அம்மா. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒன்பதாம் நாள், ஸ்கூல் பையோடு வாசலில் இறங்கிய என் மகளை ஒரு கார் அடித்துப்போட்டது. ஏழு வயது. ஓட்டியவர் போன் காட்டிய வழியில் வந்தவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே எங்கள் தெரு முனையில் 'தோண்டியிருக்கிறது, வழியில்லை' என்று திரையில் குறி வைத்தேன். ஒரு மண்வெட்டிகூட அங்கே விழவில்லை. குறி ஒரு நாள்தான் நிற்கும். தினமும் காலை எட்டு மணிக்குப் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு மாதம் ஒருநாள்கூடத் தவறவில்லை, காய்ச்சலோடும் போனேன். தெரு அடங்கியது. பிள்ளைகள் மறுபடி நடுத்தெருவில் விளையாடினார்கள். அவர்களில் என் மகள் இல்லை. ஆனாலும் பார்ப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்கு மனைவி போன் செய்தாள். மாடிவீட்டுக் குழந்தை அவள் மடியில் கிடந்தது.

"என்னங்க, பாப்பாவுக்கு மூச்சே வர மாட்டேங்குது. ஆம்புலன்ஸைக் காணோம். கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். ஆம்புலன்ஸ் எங்கள் தெரு முனைக்கு வந்தது, திரும்பாமல் நேராகப் போனது. குறி அதற்கும் குறிதானே. பாலத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வரப் பதினோரு நிமிஷம். அந்தச் சுற்றுவழியில் ஒவ்வொரு சந்திப்பும் அதற்குப் பச்சை கொடுத்தது.

குறியை எடுக்க ஒரு தட்டு போதும். வண்டி அங்கேயே திரும்பி வாசலுக்கு வந்திருக்கும். விரலையும் வைத்துவிட்டேன். ஆனால் எடுத்த கையோடு முந்நூறு கார் உள்ளே பாயும். பிள்ளைகள் பையோடு இறங்கும் நேரம். நீங்களே யோசித்துப் பாருங்கள் சார்.

"வந்துடும்மா. பக்கத்துல வந்துடுச்சு," என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. பதினோரு நிமிஷமும் அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

"எங்கம்மா தோண்டியிருக்காங்க?" என்று டிரைவர் கேட்டாராம். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. மறுநாள் எட்டு மணிக்கும் குறியைப் புதுப்பித்தேன், நீங்கள் வந்து அழைத்துப்போகும்வரை.

நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள் சார். அந்தக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாலத்துமேல்தான் போயிற்று. எங்கள் தெருவில் ஒரு குழந்தையையும் நான் சாகவிடவில்லை.