செல்வரத்தினம் அண்ணையின் துப்பாக்கிப் பிடி

எங்கள் நோர்பரி வீடுகளின் நடுச்சுவர் மெல்லியது. அதை நான் கட்டவில்லை. ஆனாலும் பதினொரு வருஷமாக அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு சண்டைகூடக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுச் செல்வரத்தினம் அண்ணையும் கமலாம்பிகை அக்காவும் அப்படியொரு சோடி. கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அலுக்காதா?

அண்ணையிடம் பழங்காலக் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. சுடுவதற்கில்லை, சேகரிப்புக்கு. அதன் மரப்பிடி கைபட்டுக் கைபட்டுக் கறுத்தது. ஒருநாள் தேத்தண்ணி தந்து விளங்கப்படுத்தினார்.

"டொலறஸ், உது ஊத்தையில்லை. பிடிச்ச கையளின்ரை நிறம். காய்ஞ்ச துணியாலை துடைச்சு, துளி மெழுகு பூசினால் காணும். தண்ணி பட்டால் துலைஞ்சுது."

கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

நவராத்திரி தொடங்கியபோதுதான் அங்கே முதல் வாக்குவாதம். அக்காதான் தொடங்கினார்.

"ஆயுத பூசைக்கு உதைக் கழுவிப் பொட்டு வைக்கவேணும். வீட்டிலை இருக்கிற ஒரே ஆயுதத்தை விட்டிட்டு, கத்தரிக்கோலுக்கே வைக்கிறது?"

"தொட்டுப் பாரும், தெரியும்."

பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

பூசையன்று அண்ணை பேர்மிங்காமில் ஏலம் பார்க்கப் போனார். பின்னேரம் அக்கா கோயிலுக்குப் போனார். அவசரத்துக்கென்று அவர்கள் தந்த வாசற்கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது. கொதிதண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், தேய்க்கும் கம்பிச்சுருள். நன்றாக உரஞ்சினேன். பிடி, அவித்து உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்தது. ஹீட்டருக்கு மேல் காயவைத்தேன், நீளத்துக்குப் பிளந்தது. துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

அன்று சுவரில் காதை வைக்கவே தேவைப்படவில்லை.

"பொட்டும் வைச்சிட்டு, தொடேல்லையெண்டு பொய் வேறை சொல்லுறீரோ?"

"பிள்ளையாணை நான் தொடேல்லையப்பா."

விடிந்ததும் அக்கா பெட்டியோடு செவன் கிங்ஸில் இருக்கும் மகள் சுவர்ணா வீட்டுக்குப் போனவர்தான். இன்னும் வரவில்லை. அண்ணைக்கு நான்தான் புட்டு கொண்டுபோகிறேன்.

"அவள் தொடாமல் வேறை ஆர் தொட்டது, டொலறஸ்?" என்று கேட்பார்.

"விடுங்கோ அண்ணை. அவ வயசுபோன மனுசி" என்பேன். அக்காவுக்கும் போன் எடுத்து, அண்ணை இன்னும் கோபத்தில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். தெரியாமல் இருக்கக்கூடாது அல்லவா.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். பொட்டும் நான்தான் வைத்தேன். சாமிப்படத்தடியில் இருந்த சந்தனத்தை மோதிரவிரலால் தொட்டு, அளவாக. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள்; எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. வெளுத்த மரம் வெறுமையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். மற்றவர்களுடைய குடும்ப விஷயத்தில் நான் தலையிடுவதே இல்லை.