கட் சொல்வது என் வேலை

நல்ல காலிபிளவர் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. கடையில் பார்க்கும்போது வெள்ளைவெளேர் என்று இருக்கும். லைட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்தால் போதும், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவன் முகம் மாதிரி மஞ்சளடித்துவிடும். அதனால் ஒவ்வொரு எபிசோடுக்கும் நானே மார்க்கெட்டுக்குப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். டைரக்டர் காய்கறிப் பையோடு வருகிறார் என்று யூனிட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களை நம்பி விட்டால் முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

காலிபிளவர் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. அப்படியென்றால் எங்கள் தொடரைப் பார்த்திருக்கிறீர்கள், போலீஸ் உடுப்போடு ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. பரவாயில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசுவதை டைப் அடிக்கிற அம்மாவுக்காகச் சொல்கிறேன். டிவியில் காதல் போட்டி நடத்துகிறார்கள் இல்லையா? ஒரு பெண், ஒரு டஜன் ஆண்கள், ஒரு பங்களா. வாராவாரம் அவள் பிடித்தவனுக்கெல்லாம் ரோஜாப்பூ கொடுப்பாள். பூ கிடைக்காதவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வெளியே போவான். எல்லாரும் போன பிறகு கடைசியில் நிற்பவனுக்கு அவள். வாழ்க்கை ஏதோ பஸ் சீட்டு மாதிரி. அந்தக் கூத்தைக் கிண்டல் செய்வதுதான் எங்கள் தொடர். எங்கள் மகாராணி ரோஜாவுக்குப் பதில் காலிபிளவர் கொடுப்பாள். கிடைக்காதவனை மற்றவர்கள் அலாக்காகத் தூக்கி நீச்சல் குளத்தில் போடுவார்கள்.

குளம் என் யோசனை. விழுந்தவன், "ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாது, யாராவது காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டு கையையும் காலையும் அடிப்பான். கரையில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "இன்னிக்கு என் மனசு ரொம்ப லேசா இருக்கு", "நமக்குள்ள என்னமோ ஒண்ணு ஓடுது, உனக்கும் தெரியுதா" என்று தங்கள் உணர்ச்சிகளைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் வெட்டே கிடையாது, ஒரே ஷாட். நான் கட் சொல்லும்வரை யாரும் சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது. மறுநாள் பார்த்தால் ஆபீஸ், காலேஜ் எல்லா இடத்திலும் "எனக்கு நீச்சல் தெரியாது" என்று கத்திக்கொண்டு திரிவார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

என் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது அக்கா வீட்டு மாடி அறையில். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிஜக் காதல் போட்டியைப் பார்த்து மூக்கைச் சிந்துவாள். அது முடிந்ததும் சேனலை மாற்றி என் தொடரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை. அத்தான் தட்டிலேயே கண்ணாக இருப்பார். அந்த வீட்டில் புத்திசாலி அவர்தான்.

மாப்பிள்ளையை முதலில் பார்த்தது அந்த மேஜையில் உட்கார்ந்து, டிவியில்தான். ஆமாம், செத்துப்போனவன். யூனிட்டில் எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டதால் எனக்கும் அதுவே வருகிறது. நிஜப் போட்டியில் மூன்றாவது வாரமே அவனைக் கழித்துவிட்டார்கள். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, கேமராவைப் பார்த்து, "வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேங்க" என்று அழுதான். அந்தத் துண்டு வீடியோ போகாத போன் இல்லை. "பாவம்டா அந்தப் பையன்" என்றாள் அக்கா. எனக்கு மட்டும் அவன் ஒரு கேரக்டராகத் தெரிந்தான். கூப்பிட்டு, எங்கள் தொடரில் அவனாகவே நடிக்கச் சொன்னேன். அதாவது ஊர் சிரித்த அதே அழுகையை, வாராவாரம், சம்பளத்துக்கு.

எந்த மனுஷனாக இருந்தாலும் எழுந்து போயிருப்பான். இவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார், வீட்டுல சந்தோஷப்படுவாங்க" என்றான். அவமானப்படத் தெரியாதவனை என்ன செய்வது? மூக்கில் கிளிசரின் ஒழுகவிட்டேன், சிரித்தான். பேன்ட் கிழிகிற காட்சி எழுதினேன், கிழிவதற்கு வசதியாக இருக்கும் என்று வீட்டிலிருந்து பழைய பேன்ட் கொண்டுவந்தான். நான் மட்டம் தட்டத் தட்ட ஜனங்களுக்கு அவனைப் பிடித்துக்கொண்டே போனது. இரண்டாவது சீசனில் அவனைக் குளத்தில் போடக் கூடாது என்று கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கிண்டல் தொடரில் ஒருவனை உண்மையாகவே நேசிக்கிற கூட்டத்துக்கு நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?

இனி கன்டினியூட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயர் உங்களிடம் இருக்கிறது, நாங்கள் அவளை வேலையின் பெயராலேயே கூப்பிட்டோம். ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்கிற வேலை. முன் ஷாட்டில் கப் இடது கையில் இருந்தால் அடுத்ததிலும் இடது கையில் இருக்க வேண்டும். என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவாள். இரண்டு வருஷம், இரண்டு பேரும், ஒரே மானிட்டர். அந்த முட்டாள் கூடாரத்தில் கண் திறந்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

ஒருநாள் சொன்னாள்: "அண்ணா, நேத்து இந்த நீலச் சட்டையில ரெண்டாவது பட்டன் போட்டிருந்தீங்க. இன்னிக்குப் போடல." நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் எந்த ஷாட்டிலும் இல்லை. என் பட்டன் மாறினால் தொடருக்கு ஒன்றும் ஆகாது. அப்படியிருக்க, ஒரு பெண் எதற்காக என் பட்டனைக் கவனிக்க வேண்டும்? அண்ணா என்று கூப்பிட்டாளே என்பீர்கள். யூனிட் வாயை மூட வேறு என்ன வழி இருக்கிறது? விவரமான பெண். நானும் தெரிந்தது போல் காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அந்த நீலச் சட்டையை முக்கியமான நாட்களில் மட்டும் போட்டேன்.

அக்காவிடம் ஒருமுறை, ஒரு பெண் இருக்கிறாள் என்று சொன்னேன். "அவ என்னடா சொல்றா?" என்றாள். சொல்லித்தான் ஆக வேண்டுமா என்றேன். "சரி, உன்னை என்னன்னு கூப்பிடுறா?" என்று கேட்டாள். அக்காவுக்கு எப்போதுமே சின்ன விஷயங்களில்தான் புத்தி போகும். நான் தண்ணீரை எடுக்கச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

கடைசி எபிசோடுக்கு முந்தின வாரம் கன்டினியூட்டியும் மாப்பிள்ளையும் எடிட்டிங் அறைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வழக்கம்போல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள்தான் பேசினாள். "அண்ணா, ஷூட்டிங் முடிஞ்சதும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. நீங்கதான் முன்னால நின்னு நடத்திவைக்கணும்." அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இருடா" என்றாள். அந்த 'டா'வை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: பேசின நேரம் பூராவும் அவள் பார்த்தது என்னை, அவனை அல்ல.

நிற்கிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் குடிக்க ஜூஸ்கூட வாங்கிக் கொடுத்தேன்.

அம்மா, பொறாமை என்று டைப் அடித்துவிடாதீர்கள். அருவருப்பு என்று அடியுங்கள். கேமரா முன்னால் காதல் வராது, வருவது பசப்பு மட்டும் என்று இரண்டு சீசன் மெனக்கெட்டு நிரூபித்திருக்கிறேன். அந்தச் செட்டிலிருந்தே, காலிபிளவர் குப்பைக்கு நடுவிலிருந்து, இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு கிளம்பினால் என் வேலைக்கு என்ன அர்த்தம்? அதுவும் மூக்கொழுகி ஒருவனோடு. அவள் ரசனை கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அவளுக்கு நல்லதும் செய்தாகவேண்டியிருந்தது.

கதைப்படி கடைசி எபிசோடில் மாப்பிள்ளைக்குக் காலிபிளவர் கிடைக்காது. யாரும் தூக்கிப் போடாமல், தானே நடந்துபோய்க் குளத்தில் குதிப்பான். இதுவரை விழுந்தவர்கள் எல்லாரும் நீந்தத் தெரிந்த நடிகர்கள். இவனுக்கு நிஜமாகவே தெரியாது. அதனால் தண்ணீருக்கடியில் ஒரு இரும்பு பெஞ்ச் போட வேண்டும் என்று கன்டினியூட்டி கேட்டாள். போட்டோம். அதில் நின்றால் தண்ணீர் மார்பளவுதான். கேமராவில் தெரியாமல் இருக்க டைல் நிறத்திலேயே பெயின்ட் அடித்தோம், அதனால் கரையிலிருந்தும் தெரியாது. பெஞ்ச் இருக்கும் இடத்துக்கு நேராகக் கரை விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. டேப்பைப் பார்த்துக் குதித்தால் போதும்.

சாப்பாட்டு இடைவேளையில் நான் அந்த டேப்பை உரித்து, கொஞ்சம் தள்ளி, ஆழமான பக்கத்தில் ஒட்டினேன். கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன். நான் உடம்பை வளைத்துச் செய்த வேலை இவ்வளவுதான். குனியும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

பாதுகாப்புக்கு ஒருவர் உண்டு, தண்ணி ஆள் என்போம். முதல் சீசனிலேயே அவர் என்னிடம், "சார், நெஜமா மூழ்கறவன் கத்த மாட்டான். சத்தமே வராது" என்று சொல்லியிருந்தார். சத்தம் இல்லாவிட்டால் யார் சிரிப்பார்கள் என்று அப்போது கேட்டேன். ஆனால் மறக்கவில்லை. அன்று அவரை, ஃப்ரேமில் விழுகிறீர்கள் என்று சொல்லி, கறுப்புத் துணிக்குப் பின்னால் உட்காரவைத்தேன். சத்தம் மாறினால் வாருங்கள் என்றேன். மற்றவர்களைக் கூப்பிட்டு, "இன்னிக்கு மாப்பிள்ளை புதுசா ஏதாவது பண்ணுவான். கடைசி ஷாட். நான் கட் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நடந்து வந்தான். டேப்பைக் குனிந்து பார்த்தான். கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டுக் குதித்தான்.

நான் எழுதிய வசனத்தில் ஒன்றைக்கூட அவன் பேசவில்லை. ஒருமுறை தலை வந்தது, வாய் திறந்திருந்தது. கரையில் நடிகர்கள் தங்கள் மனசு லேசாக இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடக்கி நடிக்கிறான் என்று நினைத்ததாகச் சவுண்ட்காரன் பிறகு சொன்னான். நாற்பது பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் சார், ஒருவன்கூடத் திரும்பிக்கொள்ளவில்லை. என்னை மட்டும் இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள்.

கன்டினியூட்டி என் காதோரம், "அண்ணா, டேப் அங்க இல்ல" என்றாள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். டேக் ஓடும்போது பேசக் கூடாது என்று அவளுக்கு நான்தான் பழக்கியிருக்கிறேன். அடங்கினாள். கொஞ்ச நேரம்தான், ஆனால் அடங்கினாள். அதற்குப் பிறகு ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினாள். இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட ஃப்ரேமுக்குள் கால் வைக்காதவள், நேராக உள்ளே போய், செருப்போடு தண்ணீரில் குதித்தாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தண்ணி ஆள் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரையும் வெளியே போட்டார்கள். அவள் இருமினாள். அவன் இருமவில்லை.

அப்போதுதான் கட் சொன்னேன். ஷாட் கெட்டுப்போயிருந்தது.

ஆமாம், டேப்பை நான்தான் மாற்றினேன். அவன் சாக வேண்டும் என்றுதான் மாற்றினேன். வாயைத் திறந்தால் பிழைப்பான் என்று தெரிந்துதான் மூடிக்கொண்டிருந்தேன். இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்று நான் போட்டிருந்த நீலச் சட்டையின் கை ஓரத்தில் மஞ்சள் டேப் துணுக்கு ஒட்டியிருந்ததை யார் பார்த்தது என்று நேற்று கேட்டேன். நீங்கள் தயங்கிவிட்டு அவள்தான் என்றீர்கள். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. சார், அவ்வளவு பெரிய கலவரத்தில், ஒருவன் செத்துக் கிடக்கும்போது, அவள் கண் எங்கே இருந்திருக்கிறது பாருங்கள். என் சட்டைக் கையில். பட்டனைப் பார்த்த அதே கண். இதற்கு மேல் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

போட்டியின் விதி உங்களுக்குத் தெரியும், கடைசியில் நிற்பவனுக்குத்தான். அந்த டேப் துணுக்கை அடையாளம் காட்ட அவளை நாளைக்கு இங்கே கூட்டிவருவதாகச் சொன்னீர்கள். அந்த நீலச் சட்டையை உங்கள் ஆட்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், அதை மட்டும் திருப்பித் தரச் சொல்லுங்கள். வேறு சட்டையில் இருந்தால் அவளுக்கு உறுத்தும்.